சோறில்லாத குழம்பு

என் வீட்டுக்காரருக்குச் சாப்பாடு என்றால் சோறுதான். வட்டிலில் சாமைச் சோற்றைக் குவியலாகப் போட வேண்டும். நடுவில் அவரே விரலால் குழி பறிப்பார். அந்தக் குழியில் நான் குழம்பை ஊற்ற வேண்டும். குழம்பு கரையை உடைத்துக்கொண்டு ஓடுவதற்குள் பிசைந்துவிடுவார். மடை திறந்த வயலில் மண்வெட்டியோடு நிற்பவரைப் போல அவ்வளவு அவசரமாக இருக்கும் அந்தக் கை. கல்யாணமான புதிதில் அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொள்வேன்.

கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்கிற பகுதியில், எங்களுக்கு ஒரு தோட்டம் இருந்தது. என் மாமனார் காலத்தில் வந்தது. மிளகுக்கொடியும் ஆரஞ்சும் கொஞ்சம் வாழையும் இருந்தன. மேட்டுப் பக்கத்தில் சாமை விதைப்போம். எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் அடிவாரம். பிள்ளைகள் இரண்டு பேரையும் படிப்புக்காக அங்கே என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். மலை மேலே நாங்கள் இருவர் மட்டும்தான். அப்போது மேலே ரோடு கிடையாது. கீழே போக வேண்டுமென்றால் காட்டுக்குள் நடந்து காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து வண்டியோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். யுத்த காலம் வேறு. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸுக்கெல்லாம் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் அவருக்குத் தாகம் ஆரம்பித்தது. பானைத் தண்ணீர் பொழுது சாய்வதற்குள் காலியாகும். மலையில் கோடை என்று சொல்லிக்கொள்ளும்படி வெயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் குடித்துக்கொண்டே இருந்தார். நன்றாகத்தான் சாப்பிட்டார், முன்னைவிட அதிகமாகவே சாப்பிட்டார். உடம்போ இளைத்துக்கொண்டே போனது. அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்கவில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, வேலியோரம் அவர் ஒதுங்குகிற இடத்தைக் காட்டினார். அங்கே எறும்பு மொய்த்துக் கிடந்தது.

"வெல்லப்பானை கவுந்த மாதிரி இருக்குது பாரு அம்மிணி" என்றார்.

அதற்குப் பிறகு தாமதிக்கவில்லை. சேலத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் இவருடைய நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சூடு காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. அதை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"சர்க்கரை இல்லைன்னா இது நீலமாவே இருக்கும். உங்களுக்கு நீரிழிவு. ஊசி மருந்து இருக்கு, ஆனா தினம் போட்டாகணும். மலை மேல யார் போடுவா? சண்டைக் காலத்துல மருந்தும் ஒழுங்கா வர்றதில்லை. முதல்ல சாப்பாட்டை மாத்திப் பார்ப்போம். என்ன சாப்பிடறீங்க?"

"சாமைச்சோறுங்க. ராத்திரிக்கு ராகிக்களி. நடுவுல கெழங்கு கெடைச்சா அதுவுங்க."

"மூணையும் விட்டுடணும். வெல்லம், வாழைப்பழம், ஆரஞ்சும் வேண்டாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். "அப்பறம் எதையத்தானுங்க திங்கறது?"

"கறி சாப்பிடுங்க, கோழி, முட்டை, மீன் சாப்பிடுங்க. கீரை, கத்திரிக்காய், சுரைக்காய், பூசணிக்காய். மோர், தேங்காய், எண்ணெய். அதெல்லாம் வேணுங்கற அளவு."

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கொழம்புல ஒரு பிடி அரிசிய வறுத்து அரைச்சு ஊத்துவமுங்க. அதாச்சும் பரவால்லீங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "சோத்துல ஊத்திச் சாப்பிடும்போது ஒரு கரண்டிதான் உள்ள போகும்மா. இனிமே அவர் சட்டி நிறையக் குடிக்கப் போறார். அரிசி வேண்டாம், எந்த மாவும் வேண்டாம்" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கரிப்புகை கண்ணைக் கரித்தது. பாதி வழியில், "ஏம்புள்ள, சோறு திங்காம மனுசன் உசுரோட இருப்பானா?" என்றார்.

"டாக்டர் சொல்றாருங்களே."

"அவுரு மத்தியானம் ஊட்டுக்குப் போயி சோறுதான் தின்னிருப்பாரு" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் முணுமுணுக்கவும் இல்லை.

தோட்டத்துக்கு வந்த மறுநாள் கோழி அடித்தோம். எங்கள் பக்கத்தில் கோழிக்குழம்புக்கு மல்லி, மிளகு, சீரகம், வரமிளகாய், சின்ன வெங்காயத்தோடு பச்சரிசியையும் வறுத்து அம்மியில் அரைப்போம். அந்த அரிசிதான் குழம்பைச் சேர்த்துப் பிடிக்கும். அன்று அரிசியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அரைத்து ஊற்றினேன். இறக்கி வைத்த கொஞ்ச நேரத்தில் அரைத்த சாந்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. மேலே எண்ணெய் நின்றது. நடுவில் வெறும் தண்ணீர். இருந்தாலும் கலக்கிவிட்டு, ஒரு கும்பாவில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

ஒரு வாய் குடித்ததும் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது.

"காரமுங்களா?"

"எப்பவும் போடற காரந்தான். சோறு இல்லீல்ல? அத்தனையும் நாக்குலயே உக்காருது."

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. அதுவரை நான் குழம்பென்று வைத்ததெல்லாம் சோற்றுக்காக வைத்தது. உப்பு, புளி, காரம் எல்லாமே சோறு வந்து பங்கு போட்டுக்கொள்ளும் என்று அள்ளிப் போட்டவை. பங்காளி போய்விட்ட பிறகும் அதே அளவில் போட்டால் யாரால் தின்ன முடியும்?

மறுநாள் உப்பையும் காரத்தையும் பாதியாகக் குறைத்தேன். புளியைக் கரைத்ததில் பாதியைக் கொட்டிவிட்டேன். இப்போது புரையேறவில்லை. ஆனால் வெந்நீர் குடிப்பது போல இருக்கிறது என்றார். குழம்புக்குச் சதை வேண்டும் என்று தெரிந்தது. மாவில்லாமல் அந்தச் சதையை எங்கிருந்து கொண்டுவருவது என்றுதான் தெரியவில்லை.

மோர்க்குழம்பு வைத்துப் பார்த்தேன். வழக்கமாக அதிலும் ஊறவைத்த அரிசியையோ துவரம்பருப்பையோ அரைத்துக் கலப்போம். அது இல்லாததால் கொதி வந்த மாத்திரத்தில் மோர் திரிந்து, தண்ணீர் தனியாகவும் கட்டி தனியாகவும் நின்றது. எள்ளை வறுத்து அரைத்து ஊற்றினேன். எள் கொஞ்சம் அதிகம் கருகிவிட்டது, குழம்பு முழுக்கக் கசப்பு. அவர் எதையும் மீதி வைக்கவில்லை. கசப்பையும் குடித்துவிட்டு, "அடுத்த தடவை செரியா வந்துரும்" என்று எழுந்து போனார். அதுதான் எனக்கு அழுகையைக் கொண்டுவந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

பக்கத்துத் தோட்டத்தில் மலைக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த வீட்டுப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கோழியும் முட்டையும் அவளிடம்தான் வாங்குவேன். அடிக்கடி வாங்கத் தொடங்கியதும், "என்னக்கா, வீட்டுக்கு விருந்தாளி வந்துக்கிட்டே இருக்காங்களா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. சாமையும் ராகியும் விளைவிப்பவள், அதைத் தின்றால் ஒருவருக்கு ஆகாது என்றால் எப்படி நம்புவாள்? ஆனால் அன்றிலிருந்து அவள் முற்றத்துச் சுரைக்கொடியில் பிஞ்சு விட்டால் எனக்கொன்று வந்துவிடும்.

அந்தச் சுரைக்காயில்தான் முதல் வழி கிடைத்தது. பொடியாக நறுக்கி, குழைய வேகவைத்து, மத்தால் கடைந்தேன். அந்தக் கடைசலில் கோழிச் சாற்றை ஊற்றிக் கொதிக்கவிட்டபோது குழம்பு பிரியாமல் ஒன்றாக நின்றது. கத்திரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்துப் பிசைந்து ஊற்றினால் இன்னும் நன்றாக வந்தது. அதில் புகை வாசமும் சேர்ந்துகொண்டது. எள்ளைப் பொரிகிற சத்தம் கேட்டதும் இறக்கிவிடப் பழகினேன். மோர்க்குழம்புக்குத் தேங்காயை வெண்ணெய் போல அரைத்துக் கலந்து, கொதிக்கவே விடாமல், ஓரத்தில் நுரை கட்டும்போது அடுப்பைவிட்டு எடுத்துவிடுவேன். சில நாள் முட்டையை அடித்து, இறக்கி வைத்த சாற்றில் நூல் போல ஊற்றிக் கிளறுவேன். அது குழம்பைப் பட்டுப்போல ஆக்கும். புளிக்குழம்பில் ஒரு துண்டு வெல்லம் போடுவது வழக்கம். அதற்குப் பதிலாகச் சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் சிவக்கச் சிவக்க வதக்கிப் போட்டேன். புளிப்பு அடங்கியது.

எல்லாம் கூடி வந்த பிறகும் அவருக்கு ஒரு குறை இருந்தது. "வயிறு ரொம்புது. கைக்குத்தான் வேலையில்லீங்கறேன்" என்றார். பிசைவதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் அவருடைய ஏக்கம். அதற்காக முருங்கைக்கீரையை உருவி, தேங்காய்த்துருவலும் முட்டையும் போட்டு உதிரி உதிரியாகக் கிளறி, வட்டிலில் குவித்து வைத்தேன். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடுவில் குழி பறித்தார். நான் குழம்பை ஊற்றினேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மழைக்காலம் பிடிப்பதற்குள் அவர் தேறிவிட்டார். தாகம் நின்றது. தூக்கம் வந்தது. டாக்டரிடம் போனபோது கண்ணாடிக் குழாய் இலைப்பச்சையில் வந்து நின்றது. "இப்படியே போங்க" என்றார் டாக்டர்.

இந்தச் சமயத்தில்தான் நங்கை மலையேறி வந்தார். கணவனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்போம். தாய் போன பிறகு இவரைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். கணவரை இழந்து, அடிவாரத்தில் கொழுந்தனார் குடும்பத்தோடு இருந்தார். தம்பி சோறில்லாமல் கிடக்கிறான் என்று யாரோ அங்கே போய்ச் சொல்லியிருக்கிறார்கள். ஓர் ஆளின் தலையில் பச்சரிசி மூட்டையை வைத்து, தன் இடுப்பில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயத் தூக்கை இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். அரிசி கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது. எங்கெங்கு கேட்டு அதைச் சேர்த்தாரோ தெரியாது.

தம்பியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. நோய் தேறிய பிறகும் இவர் ஒல்லியாகத்தான் இருந்தார்.

"ஏனம்மிணி, ஒரு வா சோறு போட மாட்டீங்கறயாமா? பஞ்சத்துலகூட நான் இவனுக்குச் சோறு போட்டு வளத்துனேன்."

"டாக்டரு கூடாதுன்னு சொல்லீட்டாருங்க நங்கை. இப்பத்தான் நல்லா இருக்கறாரு."

"எலும்பு தெரியுது, நல்லா இருக்கறானா? கொழம்பக் குடிச்சிட்டு எந்த ஊர்ல மனுசன் பொழைச்சிருக்கறான்?"

இவர் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். "அக்கா, அவ மேல தப்பில்ல" என்றார். ஆனால் நங்கை அன்று மத்தியானம் தன் கையாலேயே சோறாக்கி, ஆவி பறக்க வட்டிலில் போட்டு, "எனக்காக ஒரு வா தின்னு சாமி" என்று உட்கார்ந்தபோது இவரால் மறுக்க முடியவில்லை. எத்தனை மாத ஏக்கம். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். நான் சொன்னேன், மன்றாடினேன், ஒருநாள் அரிசிப்பானையைக்கூட ஒளித்து வைத்தேன். நங்கை அதைத் தேடி எடுத்துவிட்டார். தினம் கச்சாயமும் உண்டு. இவருடைய கன்னத்தில் மினுமினுப்பு வந்தது. "பாத்தியா" என்பது போல நங்கை என்னைப் பார்ப்பார். அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் பேச்சு குறைந்துபோனது. ஒரே அடுப்படியில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்போம்.

தாகம் மறுபடியும் வந்தது. அவர் அதை மறைத்தார். பிறகு மிளகுக்கொடிக்குச் சாத்திய ஏணியிலிருந்து இறங்கும்போது கால் சுண்டுவிரலில் கல் பட்டுக் கீறிவிட்டது. சின்னக் கீறல்தான். மஞ்சள் பற்றுப் போட்டோம். ஆறவில்லை. விரல் வீங்கி, நிறம் மாறி, கறுத்தது. காய்ச்சலும் வந்துவிட்டது.

நடக்க முடியாதவரை எப்படி இறக்குவது? பக்கத்துத் தோட்டத்துப் பெண் தன் வீட்டு ஆண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி அவரைக் கிடத்தித் தூக்கினார்கள். மழை ஈரத்தில் பாதை வழுக்கியது. ஒவ்வொரு வளைவிலும் அவர் பல்லைக் கடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது. நங்கை தூளியின் பின்னால் வந்தார். ஓர் இடத்தில் சறுக்கி உட்கார்ந்துவிட்டார். நான் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டவர் காரவள்ளி வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

சேலத்து ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் மறுபடி அந்தக் குழாயைச் சுட வைத்தார். இந்தத் தடவை நங்கையும் பார்த்தார். நீலம் ஒரு கணம்கூடப் பச்சையில் நிற்கவில்லை. நேராகச் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது.

"என்ன சாப்பிட்டார்?" என்றார் டாக்டர்.

நங்கைதான் முன்னால் வந்தார். "சோறுங்க. கச்சாயமும் சுட்டுப் போட்டேன். நாந்தானுங்க. இந்தப் புள்ள வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லுச்சு."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. அந்தக் குழாயை அவர் கையில் கொடுத்து, இதற்கு என்ன அர்த்தம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். சுண்டுவிரலை எடுக்க வேண்டியிருந்தது. நல்லவேளையாக ஊசி மருந்து கொஞ்சம் கைவசம் இருந்தது, காயம் ஆறும்வரைக்கும் போட்டார்கள். அதற்கு மேல் சாப்பாடுதான் மருந்து என்று சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நோயாளிகளின் வீட்டார் சமைத்துக்கொள்ள ஒரு கொட்டகை இருந்தது. வெறும் கல் அடுப்புகள்தான். வெளியூர்ப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் நான் அங்கே சுரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது நங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ வெப்பியே அந்தக் கொழம்பு, எனக்கும் சொல்லு" என்றார். "நான் வளத்துன புள்ளைக்கு நானே வெசம் வெச்சிட்டனே."

"அப்படிச் சொல்லாதீங்க நங்கை. பாசத்துல போட்டீங்க. அவருந்தான திங்கணும்னு தின்னாரு."

"நீ திட்டீருந்தீன்னா நல்லா இருந்திருக்கும்" என்றார். பிறகு மத்தை எடுத்துக் கடைய ஆரம்பித்தார்.

அவர் கைதேர்ந்த சமையல்காரர். என் குழம்பைக் குடித்துப் பார்த்துவிட்டு, காய்க் கடைசல் சரிதான், ஆனால் கறிக்குழம்புக்குக் கறியே சதை கொடுக்க வேண்டும் என்றார். மறுநாள் ஆட்டுக்கால்களையும் கழுத்தெலும்பையும் வாங்கி வந்தார். மிளகும் இஞ்சியும் தட்டிப் போட்டு, காலையில் அடுப்பில் ஏற்றியதைப் பொழுது சாயும்வரை சிறு தீயில் கொதிக்க வைத்தார். விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக அங்கேயே உட்கார்ந்திருந்தார். சாறு விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. மாவு கலந்தது போல இருந்தது, ஆனால் துளி மாவில்லை. இவர் கட்டிலில் உட்கார்ந்து அதைக் குடித்துவிட்டு, "யாரு வெச்சது?" என்று கேட்டார். நான் நங்கையைக் காட்டினேன். "ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா?" என்றார். காலைவிட அதுதான் அவருக்குப் பெரிய கவலையாக இருந்திருக்கிறது.

நங்கையும் எங்களோடு மலைக்கே வந்துவிட்டார். அது மார்கழி. மலைக் குளிர் சுவருக்குள்ளும் வந்துவிடும். முதல் நாள் வைத்த ஆட்டுக்கால் சாறு விடியற்காலையில் சட்டியில் உறைந்து, நுங்கு போல ஆடிக்கொண்டிருந்தது. நங்கை பயந்துவிட்டார், கெட்டுப்போயிற்று என்று கொட்டப் பார்த்தார். இவர் தடுத்து, கரண்டியால் வெட்டி ஒரு துண்டை வாயில் போட்டார். பிறகு குளிர் விடும்வரை அவருக்குக் காலைப் பலகாரம் அதுதான். கட்டியாக வெட்டி வைத்து, மேலே மிளகுத்தூள் தூவித் தருவோம். வெயில் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து தின்பார். இன்றைக்கும் குளிர்ந்த காலையில் எனக்கு அந்த மிளகு வாசம் வந்துவிடுகிறது.

அடுத்த மாசியில் அடிவாரத்தில் நங்கையின் கொழுந்தனார் குலதெய்வத்துக்குக் கெடா வெட்டினார். நாங்கள் மூவரும் போனோம். பந்தியில் இவர் உட்கார்ந்தார். அரிசிச் சோறு வந்தது. கைகளை இலைக்கு மேல் விரித்து, "எனக்கு வேண்டாமுங்க, கறி மட்டும் போதும்" என்றார். பரிமாறுகிறவர் திகைத்து நின்றார். கொழுந்தனார் நின்ற இடத்திலிருந்தே, "ஏனுங்க மாப்பிள்ளை, கெடா வெட்டி எலை போட்டா சோத்த வேண்டாங்கறீங்க? எங்கூட்டுச் சோறு அவ்வளவு எளப்பமாப் போச்சுங்களா?" என்றார். பந்தியே இவர் பக்கம் திரும்பியது. இவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு பிடி போட்டுக்கொண்டால் விவகாரம் முடிந்துவிடும். அவருடைய கை இலையைவிட்டு விலகத் தொடங்கியதை நான் பார்த்தேன்.

அதற்குள் நங்கை தூக்குப்போசியோடு வந்துவிட்டார். காலையிலேயே, பெரிய குழம்பில் அரிசி அரைத்து ஊற்றுவதற்கு முன்பே, ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். எனக்குக்கூடச் சொல்லவில்லை.

"என்ற தம்பி எலைக்குச் சோறு வராதுங்க கொழுந்தனாரே. நான் போட்ட சோத்துலதான் அவனுக்கு வெரலு போச்சு. எளப்பம்னு நெனச்சா என்னைய நெனைங்க, அவனை ஒண்ணும் சொல்லாதீங்க."

சொல்லிவிட்டு, கறியை இலையில் வைத்துக் குழம்பை ஊற்றினார். கொழுந்தனார் இவருடைய காலைப் பார்த்தார். பிறகு தானே வந்து பக்கத்தில் குந்தி, "தெரியாமச் சொல்லீட்டனுங்க மாப்பிள்ளை. இன்னும் ரெண்டு துண்டு வெக்கச் சொல்லட்டுங்களா?" என்றார். பந்தி மறுபடியும் இலைக்குத் திரும்பியது.

பக்கத்து இலைக்காரர் எங்களுக்குத் தூரத்து உறவு. கை கழுவப் போகும்போது இவரை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டு, தனக்கும் தாகம் அடங்குவதில்லை, எறும்பும் வருகிறது என்று சொன்னாராம். இவர் சேலத்து டாக்டரின் இடத்தைச் சொல்லிக் கையோடு அனுப்பிவைத்தார். அவருடைய மனைவி பிறகு எங்களிடம் வந்து குழம்பு வைக்கும் பக்குவம் கேட்டுப் போனாள். எள்ளைக் கருகவிடக் கூடாது என்று நான் சொன்னது போதாதென்று நங்கை வாசல் வரைக்கும் போய் இன்னொரு தடவை சொன்னார்.

இவர் அதற்குப் பிறகு நெடுநாள் இருந்தார். நாட்டுக்குச் சுதந்திரம் வந்தபோது இருந்தார், பிள்ளைகளின் கல்யாணத்தில் இருந்தார், பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சினார். கால் கொஞ்சம் தாங்கலாகவே இருந்தது. ஆனால் மிளகு ஏணியில் ஏறுவதை நிறுத்தவில்லை. நோய் முற்றிலும் போய்விடவில்லை. சோற்றைத் தொட்ட நோம்பி, பண்டிகை நாட்களும் சில உண்டு, நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். மறுநாள் தானாகவே குழம்புக் கும்பாவுக்குத் திரும்பிவிடுவார்.

நங்கை கடைசி வரை எங்களோடுதான் இருந்தார். எங்கள் மூவரையும் நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது மழைக்காலத்து மத்தியானங்கள்தான். வெளியே தோட்டம் தெரியாதபடி மேகம் இறங்கியிருக்கும். ஓடு ஒழுகும் இடத்தில் ஒரு சட்டி இருக்கும். அடுப்பைச் சுற்றி மூவரும் உட்கார்ந்திருப்போம்.

"கறுப்பு எள்ளுதான் கொழம்புக்கு. வெள்ளையில வாசமே இருக்காது" என்பார் நங்கை.

"கறுப்பு போட்டாக் கொழம்பு மண்ணு நெறத்துல இருக்குதுங்க. பாத்தாலே திங்கத் தோணாது" என்பேன் நான்.

அது முடியாத வழக்கு. இரண்டு பேரும் இவர் முகத்தைப் பார்ப்போம். இவர் இரண்டு பக்கமும் சேராமல் கும்பாவை நீட்டுவார்.

"வழக்கு நாளைக்கு வெச்சுக்கலாம். இப்ப இருக்கறத ஊத்துங்க, ஆறுது" என்பார்.